கவிதைக்குத் தீர்ப்பு: உகாழ் சந்தை முதல் மதீனா வரை

மதரஸா ஆண்டு விழாவிலோ பள்ளிக்கூடக் கலைவிழாவிலோ கவிதைப் போட்டி அறிவிக்கப்படும்போது, நடுவராக அமர்வது எளிய பணி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பரிசு ஒரு புத்தகமாகவோ சில நூறு ரூபாயாகவோ இருக்கும். எழுதியவர்களும் பெரும்புலவர்கள் அல்லர். மாணவர்கள், இல்லத்தரசிகள், கடை நடத்துவோர். தாள்களைக் கையில் எடுக்கும்போதுதான் சங்கடம் விளங்கும். ஒன்று நம் உறவினர் பிள்ளை எழுதியது. மற்றொன்று ஜமாஅத் நிர்வாகியின் வீட்டிலிருந்து வந்தது. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொருவர் முகம் வாடும். கவிதையை உயிராகப் போற்றிய அரபுகள் இந்தச் சங்கடத்தை நெடுங்காலத்திற்கு முன்பே சந்தித்தார்கள். அவர்களுடைய வரலாற்றுச் செய்திகளில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

இஸ்லாத்திற்கு முந்தைய காலத்துச் செய்தி ஒன்றை அரபு இலக்கிய நூல்கள் கூறுகின்றன. இம்ருல் கைஸ், அல்கமா என்னும் இரு கவிஞர்களும் தம்முள் யார் சிறந்தவர் என்று வாதிட்டனர். நடுவராக ஏற்கப்பட்டவர் இம்ருல் கைஸின் மனைவி உம்மு ஜுன்துப். அவர் முதலில் போட்டியைச் சமப்படுத்தினார். இருவரும் குதிரையைப் பற்றியே பாட வேண்டும். யாப்பும் இயைபும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றார். இருவரும் பாடி முடித்ததும் அல்கமாவே வென்றார் எனத் தீர்ப்பளித்தார். காரணத்தையும் கூறினார். கணவரின் பாட்டில் வரும் குதிரையைச் சாட்டையாலும் அதட்டலாலும் ஓட்ட வேண்டியிருந்தது. அல்கமாவின் குதிரையோ கடிவாளம் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையிலும் இரையை எட்டிவிட்டது. இத்தீர்ப்பால் சினந்த இம்ருல் கைஸ் அவரை மணவிலக்குச் செய்தார் என்றும் அச்செய்தி கூறுகிறது.

மக்காவுக்கும் தாயிஃபுக்கும் இடையே துல்கஅதா மாதத்தில் கூடிய உகாழ் சந்தையில், நாபிஃகா அத்துப்யானீ என்னும் முதுபெரும் கவிஞருக்குச் செந்நிறத் தோல் கூடாரம் அமைக்கப்படும். கவிஞர்கள் அங்கு வந்து பாடித் தீர்ப்புப் பெறுவார்கள். ஒருமுறை அல்அஃஷா பாடினார். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய கன்ஸா அவர்களும் பாடினார்கள். அல்அஃஷா முன்னரே பாடியிராவிட்டால் கன்ஸாவையே முதல்வராக அறிவித்திருப்பேன் என்றார் நாபிஃகா. அங்கு பாடியிருந்த ஹஸ்ஸான் இப்னு தாபித் இதைக் கேட்டுக் கொதித்தார். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை.

நாபிஃகா அவரை அதட்டி அனுப்பிவிடவில்லை. அவருடைய பாட்டையே எடுத்துப் பிரித்துக் காட்டினார். அரபியில் பன்மை இருவகைப்படும். மூன்று முதல் பத்து வரையிலான சிறு எண்ணிக்கையைக் குறிப்பது ஒன்று. பெருந்தொகையைக் குறிப்பது மற்றொன்று. தம் குலத்தாரின் விருந்துப் பாத்திரங்களையும் வாள்களையும் புகழ வந்த ஹஸ்ஸான், சிறு எண்ணிக்கைப் பன்மையைக் கையாண்டு பெருமையைத் தாமே சுருக்கிவிட்டார். மேலும், தம்மைப் பெற்ற முன்னோரைப் பாடாமல், தம் குலம் பெற்ற பிள்ளைகளைப் பாடிப் பெருமை கொண்டார். இக்குறைகள் சரியானவைதாமா என்று பின்வந்த அறிஞர்கள் விவாதித்தனர். குதாமா இப்னு ஜஃபர் ஹஸ்ஸானுக்காகவே வாதிட்டார். நடுவர் காரணத்தைச் சொன்னதால்தான் தலைமுறைகள் கடந்தும் அத்தீர்ப்பைச் சீர்தூக்கிப் பார்க்க முடிந்தது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் பனூ தமீம் குலத்தின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அறைகளுக்கு வெளியே நின்று உரக்க அழைத்த இவர்களைப் பற்றியே அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் கூறுவர். தம் பேச்சாளரையும் கவிஞரையும் கொண்டு பெருமை பேச அவர்கள் அனுமதி கேட்டனர்; அண்ணலார் அனுமதித்தார்கள். தமீம் பேச்சாளருக்கு ஸாபித் இப்னு கைஸ் (ரலி) பதிலளித்தார்கள். தமீம் கவிஞர் ஸிப்ரிகான் இப்னு பத்ருக்கு ஹஸ்ஸான் (ரலி) பதிலளித்தார்கள். தீர்ப்பு எதிரணியிலிருந்தே வந்தது. இவர்களுடைய பேச்சாளர் நம் பேச்சாளரைவிடச் சிறந்தவர், இவர்களுடைய கவிஞர் நம் கவிஞரைவிடச் சிறந்தவர் என்று தமீம் தலைவர்களுள் ஒருவரான அக்ரஃ இப்னு ஹாபிஸ் ஒப்புக்கொண்டார். அக்குழுவினர் இஸ்லாத்தை ஏற்றனர். தோற்றுப்போன அவர்களுக்கு அண்ணலார் அன்பளிப்புகள் வழங்கியே அனுப்பினார்கள்.

ஆண்டுகள் கழிந்தன. அதே ஸிப்ரிகான், ஹுதைஆ என்னும் கவிஞர் தம்மை இழிவுபடுத்திப் பாடிவிட்டதாகக் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் அப்பாட்டில் வசைச்சொல் எதுவும் இல்லை. மெல்லிய கண்டனமாகவே தெரிகிறது என்றார்கள் உமர் (ரலி). அவர்கள் கவிதையை நன்கு அறிந்தவர்கள். இருந்தும் தம் கருத்தையே முடிவாக்கிவிடாமல் ஹஸ்ஸான் (ரலி) அவர்களை வரவழைத்துக் கேட்டார்கள். உகாழில் தீர்ப்புக்கு உள்ளானவர், மதீனாவில் தீர்ப்புக் கூறும் இடத்தில் நின்றார். முறையிட்டவரோ ஒருகாலத்தில் அவரை எதிர்த்துப் பாடியவர். ஆயினும், இது கடும் வசையே என்று ஸிப்ரிகானுக்குச் சார்பாகவே ஹஸ்ஸான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். ஹுதைஆ சிறையிலிடப்பட்டார்.

உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்குமாறு திருக்குர்ஆன் (4:135) கட்டளையிடுகிறது. சாட்சியத்தைப் பற்றிய அக்கட்டளையைச் சிறு பிள்ளைகளின் கவிதைத் தாளுக்கும் நாம் பொருத்திக்கொள்வது நல்லது. அனைவருக்கும் ஒரே தலைப்பைக் கொடுப்போம். பெயர்களை மறைத்துத் தாள்களுக்கு எண் இடுவோம். ஐயம் தோன்றினால் நம்மைவிட மொழி அறிந்தவரிடம் கேட்போம். பரிசு பெறாத ஒவ்வொரு தாளிலும், எது நன்றாக வந்திருக்கிறது, எதைத் திருத்தினால் மேலும் சிறக்கும் என்று இரண்டு வரியேனும் எழுதித் திருப்பிக் கொடுப்போம். பரிசுப் பட்டியலை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, தனக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிடக்கூடும். காரணத்தை அறிந்து திரும்பும் பிள்ளைக்கு அடுத்த கவிதையை எழுத வழி இருக்கிறது.

சிறிய காரியங்களிலும் நீதி பிறழாத நெஞ்சத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.