குளிர்பான விளம்பரங்களில் இசைக்கலைஞர்

புகழ்பெற்ற பாடகர்களும் இசையமைப்பாளர்களும் தம் குரலையும் கீர்த்தியையும் ஊதியம் பெற்றுக் குளிர்பான நிறுவனங்களுக்கு அளிக்கும் வழக்கமும், அதனையொட்டி எழுந்த விவாதங்களும் இங்கே கூறப்படும் விஷயமாகும்.

இவ்வழக்கத்துக்கு இன்றைய உருவம் தந்தது அமெரிக்கா. 1983இல் மைக்கேல் ஜாக்சனும் அவர் சகோதரர்களும் 50 லட்சம் டாலருக்குப் பெப்சியுடன் உடன்பட, ‘பில்லி ஜீன்’ என்ற அவரது பாட்டே சொற்கள் மாற்றப்பெற்று அப்பானத்தின் துதியாயிற்று. 1984 ஜனவரி 27ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த படப்பிடிப்பில் வாணவெடியின் பொறி பற்றி அவர் தலை புண்பட்டதும், நஷ்டஈடாகக் கிடைத்த 15 லட்சம் டாலரை அவர் மருத்துவமனையொன்றின் தீக்காயப் பிரிவுக்கே வழங்கியதும் பிரசித்தம். 1989இல் மடோனாவை அமர்த்திய அதே நிறுவனம், எரியும் சிலுவைகளைக் காட்டிய அவரது ‘லைக் எ பிரேயர்’ பாடற்படம் கத்தோலிக்கரின் கண்டனத்துக்கு ஆளானதும் விளம்பரத்தைக் கைவிட்டது. ஊதியமோ அம்மையாரிடமே தங்கிவிட்டது.

இந்தியாவில், 1977இல் கோக்க கோலா வெளியேறி 1993இல் மீளுவதற்கு முன்பே ‘லெஹர்’ என்னும் அடைமொழியுடன் நுழைந்துவிட்ட பெப்சி, கோவாவின் ரெமோ பெர்னாண்டஸை ஜூஹி சாவ்லாவுடன் விளம்பரத்தில் தோன்றச் செய்தது.

தமிழ்நாட்டிலோ பாட்டும் நடிப்பும் திரைப்படத்தில் பிரிக்கவொண்ணாதபடி கலந்து கிடப்பதால், விவாதம் தனிப் பாடகரை விட்டு நட்சத்திரத்தையே சூழ்ந்தது. தம் படங்களில் தாமே பாடும் வழக்கமுடைய விஜய், முன்னர் கோக்க கோலா விளம்பரங்களில் தோன்றியவர். 2014இல் வெளிவந்து, அவர் ‘செல்ஃபி புள்ள’ பாடலையும் பாடிய ‘கத்தி’, கிராமத்து நிலத்தடி நீரைக் கவர வரும் பன்னாட்டு நிறுவனத்தைப் பகையாக நிறுத்தியதால், பழைய விளம்பரங்களைச் சுட்டி அவரைக் கேள்வி கேட்டவர் பலர். விளம்பரங்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தே அப்படம் வந்தது என்பதை நோக்க, அக்கேள்வியில் பாதி நியாயமே உண்டு.

அமெரிக்காவில் சமயத்தைப் பற்றி எழுந்த பூசல் இங்கே நீரைப் பற்றியதாயிற்று. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்க 2016 நவம்பரில் விதித்த இடைக்காலத் தடையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 மார்ச் 2ஆம் நாள் நீக்கிற்று. அதற்கு முந்தைய நாள்தான், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் எழுச்சியைத் தொடர்ந்து, வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லையென்ற தீர்மானத்தைச் செயற்படுத்தத் தொடங்கியிருந்தன.

தருமபுரி மாவட்டத்தில் இப்பிரச்சினைக்கு இரண்டு முகங்கள். நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து பற்களைக் கறைப்படுத்தியும் எலும்புகளை வருத்தியும் வந்தமையால், ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாய்வழிக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்படும்வரை நல்ல தண்ணீருக்கு ஏங்கிய ஊர்கள் அங்கே பல. ஆலைக்குப் போகும் ஆற்றுநீரைப் பற்றிய பேச்சை அவ்வூரார் அலட்சியமாகக் கேட்டல் இயலாது. ஆயினும், அம்மாவட்டமும் 2004இல் அதனின்று பிரிந்த கிருஷ்ணகிரியும் விளைவிக்கும் பெங்களூரா மாங்காய் கூழாகிச் சேருமிடம் மாம்பழப் பானத் தொழிலே ஆதலின், புட்டிப் பானத்தை முற்றும் பகைப்பதும் தோப்புக்காரர்க்கு எளிதன்று. விளம்பரப் பாட்டைப் பற்றி எழுதுவோர் இம்மாந்தோப்புகளை ஏனோ எண்ணுவதில்லை.

2008இல் பாகிஸ்தானில் தோன்றி 2011இல் இந்தியாவுக்கு வந்த ‘கோக் ஸ்டூடியோ’ இவ்வழக்கத்தின் புதுமுறை. பானத்தின் பெயர் நிகழ்ச்சியின் பெயரிலேயே அமைந்துவிட்டமையால், பாடுவோர் அதைப் புகழ வேண்டிய அவசியமே இல்லை. 2013இல் ஏ. ஆர். ரகுமான் அம்மேடையில் ‘நான் ஏன்’ என்ற தமிழ்ப் பாடலை அளித்தார். தமிழுக்கென்றே 2023இல் தொடங்கிய பிரிவை ஷான் ரோல்டன் ஒருங்கிணைக்க, நிலத்தையும் முன்னோரையும் பாடிப் பேர்பெற்ற பாடகர் அறிவு, கதீஜா ரகுமானுடன் ‘சகவாசி’யைப் பாடினார்.