ஆறடி ஆளும் ஏ4 கட்டும்

சண்டிகரில் குப்பை கொட்ட ஆரம்பித்து பதினோரு வருஷமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ராக் கார்டன், சுக்னா ஏரி என்று சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நான் வம்படியாகத் தலைமைச் செயலகப் பக்கமும் கூட்டிப் போவேன். அந்தக் கட்டடங்களுக்குள் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். உயரம் 183 செ.மீ., கையைத் தூக்கினால் 226.

லெ கொர்பூசியே 1940களில் உருவாக்கிய 'மாடுலர்' அளவுமுறையின் நாயகன் அவர். கட்டடமும் சாமானும் மனித உடம்பின் அளவிலிருந்து பிறக்க வேண்டும் என்பது கொர்பூசியேவின் எண்ணம். நல்ல எண்ணம்தான், யார் உடம்பு என்பதில்தான் வில்லங்கம். முதலில் 175 செ.மீ. என்று வைத்தார்கள். அது அடி, அங்குலக் கணக்கோடு ஒத்துவரவில்லை. ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வாட்டசாட்டமான போலீஸ்காரர் எப்போதும் ஆறடிதானே என்று கூட வேலை பார்த்தவர் சொல்ல, 183 ஆகிவிட்டது. (நான் கட்டிவிட்ட கதை இல்லைங்க, கொர்பூசியேவே எழுதி வைத்தது.)

1951-ல் ஜீப்பில் இந்த ஊர் வயல்களைச் சுற்றும்போது, ஃபிலிம் டப்பாவில் போட்டுப் பாக்கெட்டிலேயே வைத்திருந்த மாடுலர் நாடாவைத் தொலைத்துவிட்டார். நாடா போனாலும் அளவு தங்கிவிட்டது!

மாடுலர் ஆளுக்கு இருக்கை உயரம் 43 செ.மீ. நம் நாட்டு ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்களுக்கு 152. முழுசாய் ஒரு அடி குறைச்சல்.

தங்கமணி வேலை பார்ப்பது கொர்பூசியே கட்டடத்தில் இல்லை, சாதாரண தனியார் ஆபீஸ். அங்கேயும் நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் 45-க்குக் கீழே போகாது. இரண்டு வருஷம் இடுப்புவலி. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் முடிந்தபிறகுதான் பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டார், "கால் தரையில் படுகிறதா ஆன்ட்டி?" பாதம் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும், மரத்துப்போகும். அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்து உட்காருவோம், முதுகுக்குச் சாய்மானம் போய்விடும். பாரமெல்லாம் இடுப்புக்கு. இப்போது காலடியில் இரண்டு ஏ4 தாள் கட்டு.

அப்போ இந்தியச் சராசரிக்கு நாற்காலி செய்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கொர்பூசியே இங்கே வயலில் சுற்றிய அதே காலத்தில், அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை அலசிக்கொண்டிருந்தார். விமானி அறையைச் சராசரி ஆளுக்கென்று வடிவமைத்திருந்தார்கள். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுவில் உள்ள 30 சதவீதத்துக்குள் வந்தாலே சராசரி என்று தாராளமாக வைத்துக்கொண்டார். பத்திலும் தேறியவர் எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்லை! 1952-ல் அறிக்கை வந்தது. பிறகு இருக்கையையும் மிதிகட்டைகளையும் ஆளுக்கேற்ப நகர்த்தும்படி செய்யச் சொன்னார்கள்.

நம்மவர் உடம்பை விரிவாக அளந்து, வடிவமைப்பாளர்களுக்கென்றே தேவ்குமார் சக்கரவர்த்தி தொகுத்த புத்தகத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல்தான் வெளியிட்டது. இந்த மாதிரி அட்டவணைகளில் சராசரியைவிட இரண்டு ஓரங்களுக்குத்தான் மதிப்பு. நிலைப்படி உயரத்துக்கு நெட்டை ஓரத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலி உயரத்துக்குக் குட்டை ஓரத்தை, அதிலும் பெண்களின் அளவை.