வளையாத கண்ணாடி

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் பதினோரு கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்தன. ஹாஃப் பிளேட் அளவு, 4¾ × 6½ அங்குலம். ஒன்றில் விரிசல். அதில் இருப்பவர் அம்மாவின் அத்தை. பதிமூன்று வயதில் இறந்தவர், வேறு படம் கிடையாது.

"டிரம் ஸ்கேனர்ல குடுடா, அதான் பெஸ்ட்" என்றான் நண்பன். துல்லியத்தில் அதை அடிக்க ஆளில்லைதான். அதன் பரம்பரையும் பழசு. 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ், மூன்று மாதக் குழந்தையான தன் மகனின் புகைப்படத்தைக் கணினிக்குள் கொண்டுவந்ததும் சுழலும் உருளையில் சுற்றித்தான். மொத்தம் 176 × 176 புள்ளிகள். ஃபிலிம் வளையும். கண்ணாடியை எப்படி உருளையில் சுற்றுவது?

ஃபிளாட்பெட் ஸ்கேனரின் கதை வேறு. 1976இல் ரே கர்ஸ்வெயில், பார்வையற்றோருக்குப் புத்தகத்தை உரக்க வாசித்துக்காட்டும் இயந்திரத்தை வெளியிட்டார். புத்தகத்தையும் உருளையில் சுற்ற முடியாது. அதனால் அவர் குழு கண்ணாடித் தட்டையும், 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சிசிடி உணரியையும் சேர்த்தது. வளையாத ஒன்றுக்காகவே பிறந்த கருவி இது.

சரி, எந்த ஃபிளாட்பெட்? கேனான் 9000எஃப் பெட்டியில் 9600 டிபிஐ என்று இருக்கும். எப்சன் வி700 பெட்டியில் 6400. பெரிய எண்தான் ஜெயிக்கணும், இல்லையா? ஆனால் கேனான் மூடியில் இருக்கும் விளக்கு ஒல்லிப் பட்டை, 120 ஃபிலிமோடு சரி. 4 × 5 அதில் அடங்காது. எப்சனில் 8 × 10 வரை வைக்கலாம். அதன் 6400உம் நிஜமில்லை. சோதனை அட்டையை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 2300தான். 35 மிமீ ஃபிலிமுக்கு அது வெறும் 70 லட்சம் புள்ளிகள், ஏமாற்றம். 4 × 5 ஃபிலிமுக்கோ 10 கோடி! ஃபிலிம் பெரிதாக ஆக, ஸ்கேனரின் பொய் சிறிதாகிவிடுகிறது.

பழைய வி700 ஒன்றை வாங்கினேன். முதல் முயற்சியில் பிளேட்டை பிளாஸ்டிக் சட்டத்துக்குள் அழுத்தினேன். விரிசல் கால் அங்குலம் நீண்டது. அது என் தப்பு. பிறகு சட்டமே இல்லாமல் தட்டின்மேல் நேராக வைத்தேன்.

திரையில் அத்தையின் பின்னல் இழை இழையாகத் தெரிந்தது. விரிசலை மென்பொருளில் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதான் மூஞ்சி தெரியுதே, விடு" என்றாள் அம்மா.