உறைமோரும் ஆயர் மகளிரும்

உலகத்தில் மக்கள் கண்ட தொழில்களுள் அரசர் போற்றியன சில. புலவர் பாடியன சில. ஒருவரும் போற்றாமலும் பாடாமலும் நாள்தோறும் நடந்து வருவன பல. பாலை உறையிட்டுத் தயிராக்கும் தொழில் இம் மூன்றாம் வகையைச் சார்ந்தது என்றே பலரும் எண்ணுவர். அவ் வெண்ணம் முற்றும் உண்மையன்று. பண்டைப் புலவர் இதனைப் பாடியுள்ளனர். கல்வெட்டுகளும் இதன் பயனைக் குறித்து வைத்துள்ளன. எனினும், இத்தொழிலைச் செய்த கைகள் யாருடையன என்பதனை நம்மவர் எண்ணிப் பார்த்தது மிகக் குறைவு. ஆதலின், நம் ஆயர் குலத்து மகளிர் இத்தொழிலிற் பெற்றிருந்த இடத்தை நூல்களைக் கொண்டும், கல்வெட்டுகளைக் கொண்டும், இக்கால அறிவியலைக் கொண்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் சொல்லை ஆராய்வாம். பாலிற் சேர்க்கும் சிறிதளவு மோரையோ தயிரையோ வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தார் ‘உறை’ என்றும் ‘உறைமோர்’ என்றும் கூறுவர். தென்பாண்டி நாட்டார் அதனையே ‘பிரை’ என்றும் ‘புரை’ என்றும் வழங்குவர். உறைதல் என்னும் வினைக்கு இறுகுதல் என்பது ஒரு பொருள். தங்கி வாழ்தல் என்பது மற்றொரு பொருள். பாலை இறுகச் செய்வதால் உறை எனப்பட்டது என்பதே நேரிய பொருள். ஆயினும், உறையிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிற் புகுந்து வாழ்தலாலேயே பால் இறுகுகின்றது என்று அறிவியலார் கூறுதலின், மற்றைப் பொருளும் ஒருவாற்றாற் பொருந்துவதாயிற்று. இதுகொண்டு பழந்தமிழர் நுண்ணுயிரைக் கண்டறிந்திருந்தனர் என்று சாதித்தல் கூடாது. சொல் தானே அவ்வாறு வாய்த்தது என்று மகிழ்தல் ஒன்றே நமக்கு அமையும்.

இனி நூல்களை நோக்குவாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவிய புறநானூற்றில் 276ஆம் பாட்டு மதுரைப் பூதன் இளநாகனார் பாடியது. நரைத்த கூந்தலையுடைய முதியாள் ஒருத்தியின் அன்பு மகன் போர்க்களம் புகுந்து, பகைவர் படை முழுமைக்கும் தான் ஒருவனாகவே துன்பம் விளைத்தான் என்பது அப்பாட்டின் கருத்து. அதற்குப் புலவர் காட்டிய உவமை யாது? ஆயர் மகள் ஒருத்தி குடம் நிறைந்த பாலில் தன் நகத்தால் தெறித்த சில துளி உறையே அவ்வுவமை. குடத்துப் பால் மிகுதி, உறையோ துளி. அத்துளி பாலின் இயல்பையே மாற்றிவிடும். அங்ஙனமே ஓரிளைஞன் ஒரு படையின் நிலையை மாற்றினான் என்க.

இவ்வுவமையால் மூன்று செய்திகள் போதரும். உறை மிகச் சிறிதே வேண்டும் என்பதனைச் சங்க காலத்தார் செவ்வனே அறிந்திருந்தனர் என்பது ஒன்று. கேட்டாரெல்லாம் உடனே உணரும் அளவிற்கு இத்தொழில் நாடெங்கும் பரவியிருந்தது என்பது மற்றொன்று. உறை தெறித்த கை ஆயர் மகளின் கையே என்பது மூன்றாவது. வேலும் வாளும் பேசும் போர்ப்பாட்டில், மறவனுக்கு உவமையாக ஒரு பெண்ணின் நகநுனித் துளியை வைத்த புலவரின் நடுவுநிலை போற்றற்பாலது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் ஆயர் மகளைக் காண்கின்றோம். அவள் புள் எழும் விடியலில் எழுந்து, புலி முழங்கினாற்போல மத்து ஒலிக்கத் தயிர் கடைகின்றாள். உறையால் இறுகிய அத்தயிர் காளான் அரும்பு போன்றது என்கின்றார் புலவர். மோரை விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்தாரை ஊட்டுகின்றாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுப்பினும் கொள்ளாது, எருமையும் ஆவும் கன்றுமே கேட்டுப் பெறுகின்றாள். பொன் பெட்டியிற் கிடக்கும். ஆவோ கன்று ஈனும், பால் தரும். இம் மகளைக் குடும்பத்தின் பொருளியலை அறிந்து நடத்திய தலைவி எனல் மிகையாகாது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் இதன் மறுதலையைக் காண்கின்றோம். கோவலன் கொலையுண்ட காலத்தில், கண்ணகிக்கு அடைக்கலந் தந்த இடைக்குல மாதரியின் மனையில் குடத்துப் பால் உறையாது நின்றது. உறியிலிருந்த வெண்ணெய் உருகாது நின்றது. இவற்றைத் தீநிமித்தமெனக் கொண்ட மாதரி, துன்பம் நீங்கும் பொருட்டுக் குரவையாட மகளிரை அழைத்தாள். நாள்தோறும் தவறாது உறையும் பால் ஒருநாள் உறையாதாயின், மனைக்குரியவள் நெஞ்சம் நடுங்கும் என்பதனை இளங்கோவடிகள் நன்கு உணர்ந்திருந்தார். என்றும் தவறாதது தவறிய வழியன்றோ நிமித்தம் பிறக்கும்? எனவே அக்காலத்து மகளிர் இத்தொழிலிற் பெற்றிருந்த தேர்ச்சி இதனாலும் விளங்கும்.

நிற்க. தயிரை முதன்முதல் கண்டவர் நம் குலத்தாரே என்று மேடைகளிற் கூறுவார் சிலர் உளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. இருக்கு வேதத்தில் தயிர் பேசப்படுகின்றது. மேற்காசியாவிலும், துருக்கியர் நாட்டிலும், பல்கேரியாவிலும் பண்டுதொட்டே புளித்த பாலை உண்டு வருகின்றனர். கால்நடை வளர்த்த மக்கள் பலரும் தத்தம் நாட்டில் இதனைக் கண்டனர் என்று கொள்வதே நேரிது. நம் தமிழகத்திலும் தயிர் ஆயர் மனையோடு நின்றதில்லை. குறுந்தொகை 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் இளமனையாள், தயிரைத் தன் கையாற் பிசைந்து, புகை கண்ணிற் படத் தானே துழாவிச் சமைத்துக் கணவனுக்கு இடுகின்றாள். ஆதலின், முதலிற் கண்டோம் என்னும் பெருமை நமக்கு வேண்டுவதன்று. வழிவழியாக இடையறாது காத்தோம் என்னும் பெருமையே நமக்கு உரியது, அதுவே சான்றுடையதுமாகும்.

இனிக் கல்வெட்டுகள். சோழர் காலத்துக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளை விடுதல் வழக்கம். தஞ்சை இராசராசேச்சுரத்தில் ஒரு விளக்கிற்கு 96 ஆடு என்றும், அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும் என்றும் வரையறை செய்யப்பட்டது. இவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பர். ஆடு இறக்கும், மூக்கும். ஆயினும் குட்டிகளால் மந்தை நிரம்பி, எண் குறையாது நிற்கும் என்பது கருத்து.

நான்கு உழக்கு ஒரு நாழி. எனவே ஒரு விளக்கிற்கு ஓராண்டில் 365 உழக்கு, அஃதாவது 91 நாழியும் ஓர் உழக்கும் நெய் வேண்டும். அந்நெய் எங்ஙனம் வந்தது? நம் நாட்டு முறைப்படி பாலை உறையிட்டுத் தயிராக்கி, தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, அதனை உருக்கியே நெய் பெறுவர். ஆகவே, ஒவ்வொரு விளக்கின் பின்னும் இரவுதோறும் உறையிட்ட ஒரு கையும், விடியல்தோறும் மத்துக் கயிறு இழுத்த ஒரு கையும் இருந்தன. கல்வெட்டு கொடுத்தவன் பெயரைக் கூறும். ஆட்டின் தொகையைக் கூறும். ஆடு பெற்ற இடையன் பெயரையும் கூறும். உறையிட்டவள் பெயரைக் கூறுவதில்லை. ஆட்டு மந்தையைச் சாவா மூவாதது என்றனர். உறைமோரும் அத்தகையதே அன்றோ? இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைய உறை. நாளைய தயிரில் ஒரு கரண்டி மறுநாளைய உறை. தயிர் தீரும், உறை தீராது.

நம் பாகூர் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் இங்கிருந்த வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அக்கல்வி நிலையம் இன்று இல்லை, செப்பேடு உண்டு. அதே பாகூரில் தாய் மகளுக்கும், மாமி மருமகளுக்கும் கற்பித்து வந்த உறைக்கல்விக்குச் செப்பேடு இல்லை. அக்கல்வியோ இன்றும் உண்டு. எழுத்திற் பொறித்தது ஒருவகைச் சாசனம்; கையிற் பழகியது மற்றொரு வகைச் சாசனம். பின்னதற்கு ஒரு குறை உண்டு. ஒரு தலைமுறை கைவிடின், அதனை மீட்கப் படித்துக்கொள்ள ஏடு இராது.

இனி, மேனாட்டார் இதனை அறிந்த வரலாற்றையும் சுருங்கக் கூறுவாம். புளித்த பாலிலுள்ள அமிலத்தைச் சுவீடன் நாட்டு வேதியறிஞர் சீலே என்பார் 1780இல் பிரித்தறிந்தார். பாலைப் புளிக்கச் செய்வது உயிருள்ள பொருளே என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்தேர் 1857இல் எடுத்துரைத்தார். ஆங்கில மருத்துவர் இலிஸ்டர் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்த செய்தியை 1878இல் வெளியிட்டார். பல்கேரிய மாணவர் ஸ்தாமென் கிரிகோரோவ் 1905இல் தம் நாட்டுத் தயிரின் நுண்ணுயிரைக் கண்டார். பாரிசிலுள்ள பாஸ்தேர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்த மெச்னிக்கோவ், பல்கேரிய உழவரின் நீண்ட வாழ்நாளுக்குப் புளித்த பாலே காரணம் என்று 1907இல் எழுதினார். அவர் முடிபினைப் பின்வந்தோர் முழுதும் ஒப்புக்கொண்டிலர். எனினும் தயிரின்பால் உலகத்தார் கருத்துச் செல்ல அஃது ஏதுவாயிற்று.

பாஸ்தேர் ஆராய்ந்த காலத்தில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. 1880இல் இவை கொம்யூன்களாக்கப்பெற்று, 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை அவ்வாட்சியிலேயே இருந்தன. பிரான்சில் அறிஞர் ஒருவர் கண்ணாடிக் குடுவையில் எதனைத் தேடிக் கண்டாரோ, அதனை அவர் நாட்டின் ஆட்சிக்குட்பட்ட இவ்வூர்ப் பெண்டிர் மண்கலத்தில் இரவுதோறும் வளர்த்து வந்தனர். அவர் ‘ஏன்’ என்பதனைக் கண்டார். இவர் ‘எங்ஙனம்’ என்பதனைக் கண்டிருந்தார். இரண்டும் அறிவே.

அம் மகளிர் கொண்ட முறை ஒவ்வொன்றற்கும் காரணம் உண்டு. பாலை வறட்டித் தணலில் நெடுநேரம் காய்ச்சுவர். அதனால் வேண்டாத கிருமிகள் மடிவதோடு, பாலின் புரதமும் தயிர் கெட்டியாகத் தோயுமாறு மாறுகின்றது. விரல் பொறுக்கும் சூட்டிற்கு ஆறவிட்டே உறையிடுவர். அஃது ஏறத்தாழ 37 முதல் 40 பாகைச் சூடு. உறையின் உயிர்கள் விரைந்து பெருகுதற்கு ஏற்றது. கொதிக்கும் பாலில் இடின் அவை மாண்டுபோம். குளிர்ந்த பாலில் இடின் சோம்பிக் கிடக்கும். ஒரு லிட்டர் பாலுக்குச் சிறு கரண்டி உறை சாலும். அவ்வுயிர் ஒன்று அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகும் எனக் கொள்ளின், ஐந்து மணிப்பொழுதில் ஒன்று 1,024 ஆகும். புறநானூற்றுப் புலவர் கூறிய துளியின் வலிமைக்குக் கணக்கு இதுவே. உறையை மிகுத்து இடின் தயிர் விரைந்து புளித்து நீர்விடும். பின்னர்க் கலத்தை அசையாது வைப்பர்; மார்கழிக் குளிரில் துணி சுற்றியோ அடுப்பங்கரையிலோ வைப்பர். உறை கிடையாதவிடத்து மிளகாய்க் காம்பு இட்டுத் தோய்ப்பதும் உண்டு. காம்பில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களே அங்கு உறையாகின்றன. மிளகாய் நம் நாட்டிற்குப் போர்த்துக்கீசியர் வந்த பின்னரே வந்ததாதலின், இவ்வழக்கு பிற்காலத்தது என அறிக.

மாதரி கண்ட தீநிமித்தத்திற்கும் இன்று காரணம் கூறலாம். நோயுற்ற ஆவிற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊசி வழி ஏற்றி, உரிய நாள் கழியுமுன் கறந்த பால் உறையாது போகும்; அம்மருந்து உறையின் உயிர்களையும் கொல்லும். ஆகவே இக்காலத்தில் குடத்துப் பால் உறையாதாயின் ஆடற்பாலது குரவையன்று. ஆவிற்கு என்ன மருந்து, எந்நாளில் கொடுத்தோம் என்று கேட்டறிதலே செயற்பாலது. அப்பால் மகவுக்கும் ஆகாது.

இறுதியாக ஒன்று கூறி அமைவாம். இன்று புதுவையில் பாண்லே கூட்டுறவு ஊர்தோறும் பால் பெற்று, தயிரும் மோரும் உறையிலிட்டு விற்கின்றது. அதனால் கறவை வைத்திருப்போர்க்கு நிலையான வருவாய் உண்டு. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும், கறந்த பால் முழுவதையும் விற்றுவிட்டு, நம் மனைக்கு வேண்டும் தயிரைக் கடையில் வாங்கும் வழக்கம் நம்மவரிடையும் புகுந்துவிட்டது. பாட்டியின் கலத்திலிருந்து தாயின் கலத்திற்கும், தாயின் கலத்திலிருந்து மகளின் கலத்திற்கும் வந்த உறை, பல மனைகளில் ஒருநாள் ஓசையின்றி அற்றுப்போயிற்று. அற்றநாள் இன்னதென்று சொல்வாரும் இலர்.

ஆதலின் அன்பர்காள், ஆளுக்கு ஒரு படி பாலேனும் மனையில் நிறுத்தி உறையிடுங்கள். அதனைப் பெண்மக்களுக்கு மட்டுமன்றி ஆண்மக்களுக்கும் கற்பியுங்கள். மகளிர் தனித்துச் சுமந்த கல்வியை இருபாலாரும் பகிர்தல் அறமாகும். அண்டை மனையில் உறை தீர்ந்ததெனக் கேட்டு வருவார் யாவராயினும், இன்னார் இனியார் என்று நோக்காது ஒரு கரண்டி கொடுங்கள். நம் உறை நாளை நம் மனையில் அற்றுப்போயின், அவர் மனையிலன்றோ அது வாழ்ந்துகொண்டிருக்கும்? கல்வெட்டில் பெயர் பெறாத நம் பாட்டிமார்க்கு நாம் செய்யத்தகும் கைம்மாறு, அவர் கையிலிருந்து பெற்றதனை அற்றுப்போகாமற் காத்தலே ஆகும்.