நாட் லூப்பேக்

வீட்டில் ஓடும் இணையதளத்தை, அதே வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் பொது ஐபி முகவரி வழியாகவே திறக்க ரூட்டர் தரும் வசதி. ‘ஹேர்பின் நாட்’ என்றும் வழங்கும். இது இல்லாத ரூட்டரில், தளம் வெளியிலிருந்து திறக்கும், வீட்டுக்குள் திறக்காது.

காரணம்: பல ரூட்டர்களில் போர்ட் ஃபார்வர்டிங் விதி வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். சிலவற்றில் சேருமுகவரி மட்டும் மாற்றப்படும். அப்போது 192.168.1.10இல் உள்ள சர்வர், கேட்ட 192.168.1.20க்கு நேரடியாகப் பதில் அனுப்பும். பொது முகவரியிலிருந்து பதிலை எதிர்பார்க்கும் அக்கருவி அதைத் தள்ளிவிடும். அனுப்புநர் முகவரியையும் ரூட்டர் மாற்றினால்தான் பதில் அதன் வழியே திரும்பும்.

கண்டறிதல்: கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பார்க்கலாம். திறந்தால் குறை பெரும்பாலும் லூப்பேக்கில்தான். திறக்காவிட்டால் 80, 443 போர்ட்டுகளையும் ஃபயர்வாலையும் சோதிக்க வேண்டும். ரூட்டரின் வெளிமுகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255க்குள் இருந்தால், இணைப்பு நிறுவனத்தின் பகிர்வு நாட் (முகவரி மாற்ற) அமைப்புக்குப் பின்னால் இருக்கிறோம் என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. இம்முகவரித் தொகுதி 2012இல் ஆர்எஃப்சி 6598 மூலம் ஒதுக்கப்பட்டது.

தீர்வு: ரூட்டரில் லூப்பேக்கை இயக்குதல், அல்லது வீட்டு டிஎன்எஸ்ஸிலோ ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ தளப்பெயருக்கு உள்முகவரியைக் குறித்தல். பகிர்வு நாட் எனில் தனிப் பொது ஐபி, ஐபிவி6 அல்லது டனல் சேவை தேவை.