ஒரே மருந்து, இரண்டு அச்சங்கள்

மலையாளத்தில் 'மயக்குமருந்நு' என்பது போதைப்பொருளைக் குறிக்கும். தமிழில் 'மயக்க மருந்து' என்பது அறுவைக்கு முன் கொடுக்கப்படுவது. அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினைச் சட்டம் முதற்பொருளிலேயே நோக்கியது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் புற்றுநோயாளிகள்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பத்தாண்டுக் கடுங்காவலை விதித்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்கள் குவிந்தன. மருந்தகங்கள் மார்ஃபினைக் கைவிட்டன. சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் இந்நாட்டில், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் வலி நிவாரண அமைப்பொன்றைத் தொடங்கினர். வாய்வழி மார்ஃபின் நோயாளிகளின் வீட்டுக்கே சென்றது. அது கள்ளச்சந்தைக்குக் கசியும் என்னும் அச்சத்துக்கு 2001இல் 'லான்செட்' இதழில் விடை வெளிவந்தது: ஈராண்டுகளில் 1,723 நோயாளிகள், முறைகேடு ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை.

பின்னர் அண்டை அயலாரே பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லலாயினர். 2003இல் திருவனந்தபுரத்தில் ராஜகோபால் தலைமையில் 'பாலியம் இந்தியா' தோன்றியது. நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென இந்தியாவில் முதன்முதலாகக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளமே, ஆண்டு 2008. அவ்வமைப்பின் திருவனந்தபுரப் பயிற்சி நிலையத்தை 2012இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஒத்துழைப்பு மையமாக ஏற்றது.

மற்றோர் அச்சமும் உண்டு, அது பொய்யன்று. ஹெராயின் போன்ற அபின்வழிப் பொருள்கள் அளவு மிகின் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். எழுப்பினும் விழிப்பு வாராது. மூச்சு தளர்ந்து நின்றுபோகும். 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட நலாக்சோன் இதற்கு மாற்று மருந்து. 1996இல் சிகாகோவில் அது போதைப்பொருள் பயன்படுத்துவோர் கையிலேயே கொடுக்கப்பட்டது. மணிப்பூரிலும் அத்தகையோரின் அமைப்புகள் இப்பணியை மேற்கொண்டன.

2014இல் இரு வரலாறுகளும் அருகருகே வந்தன. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதிமுறைக்கு வழிசெய்தது. அதே ஆண்டில், மிகையளவைக் காண நேரிடக்கூடிய எவருக்கும் நலாக்சோனும் பயிற்சியும் கிடைக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

நள்ளிரவில் வலியால் துடிப்பவர் அருகிலும், மூச்சடங்குபவர் அருகிலும் பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை. இருப்பவர் தாயோ நண்பரோ அண்டை வீட்டாரோதான். முதலாமவரைக் காக்க அவர்களைப் பயிற்றுவித்துக் காட்டியது கேரளம். இரண்டாமவருக்கும் அந்நம்பிக்கையை நீட்டிக்கத் தடையாக இருப்பது மருந்தின் இயல்பன்று. அவர்மீது சமூகம் சுமத்திய இழிவே.