காயம் ஆறிவிட்டது, கணக்குத்தான் பிழைக்கிறது

கிளிநொச்சியில் எங்கள் அண்ணா சிறிய பலசரக்குக் கடை ஒன்று வைத்திருக்கிறார். அயலில் பாதிப்பேர் அவரிடம் கடனுக்குத்தான் சாமான் வாங்குவார்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு, ஏ9 வீதியில் படுத்திருந்த மாட்டுடன் அவருடைய மோட்டார் சைக்கிள் மோதியது. தலைக்கவசம் போட்டிருந்தார். ஆனால், பட்டியைப் பூட்டியிருக்கவில்லை.

பத்து நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். ஒரு மாதத்தில் காயம் ஆறியது. பிள்ளை தப்பிவிட்டான் என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார். அதன் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. அண்ணா ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார். மிச்சக்காசு எண்ணும்போது யாராவது கதைத்தால் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். கொடுத்த கடனை மறந்தார். பின்னேரம் நாலு மணிக்கே களைத்துப்போய்ப் படுத்தார். ரேடியோச் சத்தத்துக்குக்கூடக் கோபப்பட்டார்.

“உனக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது, தம்பி” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். “அண்ணா, நீங்கள் வேணுமெண்டே மறக்கிறீங்கள்” என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது, பிறகு வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும்தான் எனக்கு விளங்கியது.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மூளை மிகவும் மென்மையான உறுப்பு. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் தலை சட்டென்று நிற்கும்போது, மூளை உள்ளே அசைந்து மண்டையோட்டில் அடிபடுகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியும் காதுப்பக்கத்துப் பகுதியும்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. முதலாவது பகுதி, திட்டமிடவும் கவனத்தை நிறுத்தவும் கோபத்தை அடக்கவும் உதவுவது. இரண்டாவது, புதிய விடயங்களை ஞாபகத்தில் பதிக்க உதவுவது. அத்துடன், மூளையின் பகுதிகளை இணைக்கும் மெல்லிய நரம்பிழைகளும் இழுபட்டுச் சேதமாகின்றன.

இந்த நரம்பிழைச் சேதம் பல வேளைகளில் சி.ரி. ஸ்கானில் தெரிவதில்லை. ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றால், பெரும்பாலும் இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பதுதான் அர்த்தம். மூளைக்கு எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

1995 இடம்பெயர்வில் நடந்தது ஒவ்வொன்றும் அண்ணாவுக்கு ஞாபகம் இருக்கிறது. நேற்றுப் பருப்பு வாங்கிப் போனது யார் என்பது ஞாபகம் இல்லை. “அது ஞாபகம் இருக்கு, இதுமட்டும் மறந்துபோச்சோ?” என்று நாங்கள் நக்கலடித்தோம். ஆனால், தலைக்காயத்தில் வழக்கமாக நடப்பதே அதுதான். முன்பே பதிந்தவை பெரும்பாலும் தங்கிவிடும். புதிதாகப் பதிவதுதான் சிரமம்.

1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தால் புகுந்த இரும்புக்கம்பி உச்சந்தலையால் வெளியேறியது. அவர் பிழைத்தார், நடந்தார், கதைத்தார். ஆனால், குணம் மாறிவிட்டது என்று அவரை அறிந்தவர்கள் சொன்னதை வைத்தியர் ஜோன் ஹார்லோ பதிவுசெய்தார். பின்னர் கேஜ் சிலி நாட்டில் சில வருடங்கள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலை அவர் தேற உதவியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

சிறிய அடி என்றால் பெரும்பாலானோர் மூன்று மாதங்களுக்குள் தேறிவிடுவார்கள். சிலருக்கு அதற்கு மேலும் நீளும். கடுமையான காயத்தில் முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு மெதுவாகும், ஆனால் இரண்டு வருடங்கள் கடந்தும் தொடரலாம். 2020இல் லான்செட் ஆணைக்குழு, முதுமை மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய 12 காரணிகளில் ஒன்றாகத் தலைக்காயத்தையும் சேர்த்தது. தலையில் அடிபட்ட எல்லோருக்கும் அந்த நோய் வரும் என்பதல்ல. ஆனால், இன்னொரு அடி விழாமல் பார்த்துக்கொள்ள அதுவே போதிய காரணம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. அடிபட்டுச் சில வாரங்களின் பின்னர் தலையிடி கூடினாலோ, தூக்க மயக்கம், தடுமாற்றம், ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு என்பன வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குறிப்பாக முதியவர்களுக்கு மூளைக்கு மேல் இரத்தம் மெல்ல மெல்லச் சேரலாம். வயது போனதால் வந்த மறதி என்று விட்டுவிடக் கூடாது, அது சத்திரசிகிச்சையால் குணப்படுத்தக்கூடியது. யுத்தத்தில் காயப்பட்டு உடலில் ஷெல் துண்டுகளுடன் வாழ்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க முன்னர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் மாறியவை

அண்ணாவைத் திரும்பவும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சையாளர் ஒருவர் சொன்னவை எளிமையானவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. சாமான்களுக்கு நிரந்தரமான இடம். மதியம் ஓய்வு. மருந்துக்கும் வேலைகளுக்கும் போனில் அலாரம். மதுபானம் அறவே வேண்டாம். வைத்தியர் சம்மதிக்கும்வரை வாகனம் ஓட்டவும் வேண்டாம். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுக்க வேண்டும், ஏனெனில் அதுவும் மறதியைக் கூட்டும்.

இப்போது கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. சாமான் கைமாற முன்னர் அண்ணா அதில் எழுதுகிறார், பின்னேரம் அண்ணி சரிபார்க்கிறார். பழைய கடன்களில் கொஞ்சம் ஆட்கள் தாங்களாகவே கொண்டுவந்து தந்தார்கள், மிச்சம் போனதுதான். அன்று சொன்னதற்கு அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்படியொன்று நடந்ததே அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் தலையில் அடிபட்ட ஒருவர் ஆளே மாறிவிட்டார் என்று தோன்றினால், பஞ்சி என்று ஏச முன்னர், வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அடிபட்டவர் தன் மாற்றத்தைத் தானே உணராமல் இருக்கலாம். ஆகவே, கூடவே போய் நீங்கள் கண்டதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.